பாட்டி காத்திருக்க மாட்டாள்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கையில் மளிகை மூட்டை இருக்கும், அல்லது ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும், அதுவும் இல்லையென்றால் சர்ட்டிபிகேட் ஃபைல் இருக்கும். மலையிலிருந்து கீழே இறங்குவதற்கு இந்த மூன்றும்தான் முக்கியமான காரணங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் மூன்றாவது ரகம். தமிழ் எம்.ஏ. முடித்தவர். கல்வராயன் மலைக்காரர். ஃபைலுக்குள் ஒரு ஜெராக்ஸ் தாள் இருந்தது. ஆய்வு நெறியாளர்கள் பெயர்ப் பட்டியல். சில பெயர்களுக்கு டிக், சில பெயர்களுக்குக் கேள்விக்குறி.

"பிஎச்.டி. பண்ணலாம்னு இருக்கேன் சார். கைடை எப்படி சார் செலக்ட் பண்றது?"

கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற குரலில்தான் கேட்டார். தப்பில்லை. இதுவும் கிட்டத்தட்ட அதேதான். ஜாதகம் பார்க்காமலே ஐந்தாறு வருஷம் ஒருவரோடு ஒத்துப்போக வேண்டும். நடுவில் பிரிந்தால் இரண்டு பக்கமும் பேச்சு வரும்.

"எதைப் பத்தி ஆராய்ச்சி?" என்றேன்.

"எங்க மலையைப் பத்திதான் சார். எங்க பாட்டி ஜாகிர் காலத்துல வாழ்ந்தவங்க. அந்தக் காலத்துக் கதையெல்லாம் சொல்லுவாங்க. ஒரு பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். 'அதெல்லாம் அலைச்சல்மா. நாலு நாவலை எடுத்துக்கோ, பெண் பாத்திரங்கள் ஓர் ஆய்வுன்னு போட்டுக்கோ. மூணு வருஷத்துல முடிச்சிடலாம்'னு சொன்னார்."

அந்தப் பேராசிரியர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னது அக்கறையான அறிவுரையும்கூட. பிரச்னையே அதுதான்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. பாதிப் பதிலோடு பிரிந்தோம். மீதிப் பாதிதான் இந்தக் கட்டுரை.

கைடைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தமிழில் ஆகச் சிறந்த புத்தகம் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் அதை அந்தக் கண்ணோடு படிப்பதில்லை, அவ்வளவுதான். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் தொடராக வந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது பாதியில் நின்றது. 1950-ல் புத்தகமானது. ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்த கதை என்றுதான் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், அதில் பெரும் பகுதி சுவடி தேடிய கதையே இல்லை, வாத்தியார் தேடிய கதை.

பையனுக்குத் தமிழ்ப் பைத்தியம். அப்பாவோ சங்கீதக்காரர், கையில் காசில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று எங்கே தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரோ அங்கே குடும்பமே போய்த் தங்குகிறது. செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பாடம். அந்த ரெட்டியார்தான், 'இனிமேல் நீ மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ப் படிப்பதுதான் சரி' என்கிற மாதிரி வழி காட்டி அனுப்புகிறார்.

புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வாத்தியார் இவர்தான். 'எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் அவரிடம் போ' என்று சொல்ல ஒரு மனசு வேண்டும். இன்றைக்கு எத்தனை நெறியாளர்கள், 'இந்தத் தலைப்புக்கு நான் சரிப்பட மாட்டேன், அவரைப் பாருங்கள்' என்கிறார்கள்? பெரும்பாலும் நடப்பது தலைகீழ். தலைப்புதான் கைடுக்கு ஏற்றபடி மாறும், செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டிக்கொள்கிற மாதிரி.

1871-ல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் சேர்கிறார் சாமிநாதையர். 1876 பிப்ரவரியில் பிள்ளையவர்கள் காலமாகிறார். ஏறத்தாழ ஐந்து வருஷம். கணக்குப் பார்த்தால் இன்றைய பிஎச்.டி. காலம்தான்!

அந்த ஐந்து வருஷத்தில் என்ன நடந்தது என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும். பிள்ளையவர்கள் பாட்டுக்கு செய்யுள் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் ஏட்டில் எழுதுவார். அதாவது, ஒரு பெரிய மூளை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்பு. சமையலைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கும், அம்மா பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம். நல்ல நெறியாளருக்கு முதல் அடையாளம் இது: தான் வேலை செய்வதை மாணவர் பார்க்கும்படி செய்வார். அவரே எதுவும் எழுதுவதில்லை, படிப்பதில்லை என்றால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, சாதி, மதம் பார்க்காமல் சொல்லிக்கொடுத்தார் பிள்ளையவர்கள். அவருடைய நெருங்கிய மாணவர்களில் ஒருவர் சவேரிநாத பிள்ளை, கிறிஸ்தவர். சாமிநாதையருக்குச் சில பாடங்களை ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். இன்றைய பாஷையில் சீனியர் ஸ்காலர். கைடைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே இருக்கும் சீனியர்களையும் ஒரு கண் பார்த்துவிட்டு வருவது நல்லது. முக்கால்வாசி பிஎச்.டி. அவர்களிடம்தான் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்.

இவ்வளவு பாராட்டியாயிற்று. இப்போது கொஞ்சம் உரசல்.

மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். சாமிநாதையர் அவரிடம் சங்கீதம் கற்றுக்கொள்ளப் போனார். விஷயம் பிள்ளையவர்கள் காதுக்கு எட்டியது. சங்கீதத்தில் கவனம் போனால் இலக்கண இலக்கியத்தில் கவனம் குறையும் என்பது அவர் கருத்து. சாமிநாதையர் சங்கீதத்தை விட்டுவிட்டார். வெங்கடராமன் என்ற பெயரும் போய், ஆசிரியர் விருப்பப்படி சாமிநாதன் ஆனார். தாத்தா இதையெல்லாம் துளிக் கசப்பில்லாமல், சந்தோஷமாகவே எழுதுகிறார். நமக்கு முதல் தடவை படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. இரண்டாம் தடவை லேசாக இடறும். ஒரு வாத்தியார் மாணவரின் பெயர் வரைக்கும், பாட்டு வரைக்கும் உள்ளே வரலாமா?

அந்தக் காலத்துக்கு அது சரி. ஆனால் அந்த உதாரணத்தை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் நடப்பவை சரியில்லை. 'உ.வே.சா. தன் குருவுக்கு எப்படி இருந்தார் தெரியுமா?' என்று சொல்லி கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய அனுப்புகிறவர்கள், பையனை ஸ்கூலிலிருந்து கூட்டி வரச் சொல்கிறவர்கள், மாணவர் எழுதிய கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். குருபக்தி என்பது மாணவர் மனசில் தானாக விளைவது. கைடு கேட்டு வாங்குவது குருபக்தி இல்லை, வாடகை.

இந்தப் புத்தகத்தை நெறியாளர்கள் மேற்கோள் காட்டும்போது ஒரு கட்டத்தை மட்டும் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். 1880. தியாகராச செட்டியாரின் உதவியால் கும்பகோணம் காலேஜில் வேலை கிடைத்த வருஷம். அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீபைப் பார்க்கப் போகிறார் சாமிநாதையர். 'என்னென்ன படித்திருக்கிறீர்கள்?' என்று கேட்கிறார் முதலியார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று மூச்சு விடாமல் அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. 'இதெல்லாம் இருக்கட்டும். சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா?' என்கிற ரீதியில் கேட்கிறார். படித்ததில்லை. தான் மட்டுமில்லை, தன் ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழிலேயே மிகச் சிறந்த குரு. அவரிடம் ஐந்து வருஷம். அப்படியும் அந்தப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல் மூடியே கிடந்திருக்கிறது. அதைத் தட்டியவர் வேலைக்குப் போகிற ஒரு முன்சீப், தமிழ் வாத்தியாரே இல்லை. இன்றைய பாஷையில் எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர். வைவாவில் ஒரே கேள்வி. அதற்கு 1887-ல் வந்த பதில்தான் சீவக சிந்தாமணிப் பதிப்பு. 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை.

சிந்தாமணி சமண நூல். அதில் வரும் சங்கதிகள் சைவ மடத்தில் படித்தவருக்குப் புரியவில்லை. என்ன செய்தார்? கும்பகோணத்தில் இருந்த சமணர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். எந்த ஜனங்களுடைய விஷயமோ அந்த ஜனங்களிடமே போய் உட்கார்ந்து கேட்பது. 'ஃபீல்டு ஒர்க்' என்று அதற்கு யாரும் அப்போது பெயர் வைக்கவில்லை.

நல்ல குருவும் முழு உலகம் இல்லை என்பதைச் சொல்லும் இந்த இடம்தான் 'என் சரித்திர'த்தின் உச்சம் என்பது என் கட்சி. ஆனாலும் குருவை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளையவர்கள் மறைந்து ஐம்பத்தேழு வருஷம் கழித்து, 1933-லும் 1934-லும் அவருடைய சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். தமிழின் மிக நீளமான நன்றியுரை. குருவைத் தாண்டிப் போவதும் குருவுக்கு நன்றியோடு இருப்பதும் ஒரே ஆளால் முடியும்.

இனி ஒரு தாவல். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு.

இலங்கைத் தமிழர்களான க. கைலாசபதியும் கார்த்திகேசு சிவத்தம்பியும் சங்க காலத் தமிழை ஆராயப் போனார்கள். எங்கே? பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு. கைடு யார்? ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்கப் பேராசிரியர்! சங்க இலக்கியத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று நம்ம ஊர் கமிட்டி கேட்டிருக்கும். அவருக்குத் தெரிந்தது கிரேக்க நாடகமும், அந்த நாடகம் எந்த மாதிரிச் சமூகத்திலிருந்து முளைத்தது என்கிற கேள்வியும். 'ஈஸ்கிலஸும் ஏதென்ஸும்' என்று 1941-ல் ஒரு புத்தகம் எழுதியவர்.

கைலாசபதி அங்கே போய், ஹோமரின் வாய்மொழிக் காவியத்தோடு நம் வீரயுகப் பாடல்களை ஒப்பிட்டார். 1968-ல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அதை ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டது. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்று எடுத்துக்கொண்டார். அவர்கள் முடிவுகளோடு சண்டை போடலாம், போட்டும் இருக்கிறார்கள். ஆனால் கைடைத் தேர்ந்தெடுத்த முறையில் ஒரு பாடம் இருக்கிறது. உங்கள் விஷயம் தெரிந்தவரைத் தேடுவது ஒரு வழி. உங்கள் கேள்வி புரிந்தவரைத் தேடுவது இன்னொரு வழி. இரண்டும் ஒருவரிடமே கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒன்றுதான் கிடைக்கும் என்றால், நான் கேள்வி புரிந்தவர் பக்கம்.

இந்த ஜார்ஜ் தாம்சனைப் பற்றி இன்னொரு கதை உண்டு. வெள்ளிமலைப் பெண்ணுக்குச் சொல்ல விட்டுப்போனது இதைத்தான்.

இளைஞராக இருந்தபோது, 1923-ல், அயர்லாந்தின் மேற்குக் கோடியில் கடலுக்குள் இருக்கும் பிளாஸ்கெட் என்ற சின்னத் தீவுக்குப் போனார் தாம்சன். ஐரிஷ் மொழி பேசக் கற்றுக்கொள்வதற்காக. மீன் பிடிக்கிற ஏழை ஜனங்கள். அங்கே மாரிஸ் ஓ'சல்லிவன் என்ற பையன் சிநேகிதமானான். 'உன் தீவைப் பற்றி, உன் வாழ்க்கையைப் பற்றி நீயே எழுது' என்று அவனைத் தூண்டிக்கொண்டே இருந்தார். அவன் எழுதினான். 1933-ல் ஐரிஷ் மொழியில் அந்தப் புத்தகம் வந்தது. 'வளர்ந்த இருபது வருஷம்' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. தாம்சனே இன்னொருவரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஈ.எம். ஃபார்ஸ்டர் முன்னுரை. உலகம் படித்தது.

1953-ல் அந்தத் தீவையே காலி செய்துவிட்டார்கள். கடைசிக் குடும்பங்களைக் கரைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். இன்றைக்கு அங்கே இடிந்த சுவர்கள்தான். ஆனால் புத்தகம் இருக்கிறது. தீவைப் பற்றித் தாமே ஒரு ஆராய்ச்சி எழுதிப் பட்டம் வாங்கியிருக்கலாம் தாம்சன். அதற்குப் பதிலாக அந்தத் தீவுக்காரன் கையில் பேனாவைக் கொடுத்தார். கைடு என்ற வார்த்தைக்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சரியான அர்த்தம் இல்லை.

இப்போது மலைக்குத் திரும்புவோம்.

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினருக்கு அரசு ஏட்டில் மலையாளி என்று பெயர். கேரளாவுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பேசுவது தமிழ். அவர்களைப் பற்றி எழுதும் ஆய்வேடுகளில் முதல் அத்தியாயம் எப்படி இருக்கும் என்று நான் பார்க்காமலே சொல்வேன். மலையின் அமைவிடம், உயரம், மழை. பிறகு, காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மலைக்கு ஒருவராகப் பிரிந்த கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாகப் போட்ட புத்தகத்தில் இருப்பது. நூறு வருஷத்துக்கு மேலாக ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்கு அப்புறம் பிறப்பு, பூப்பு, திருமணம், இறப்புச் சடங்குகள். கடைசியில் முடிவுரை. மலை ஜனங்கள் பேசவே மாட்டார்கள், 'தகவலாளர்கள்' என்று பின்னிணைப்பில் வரிசையாக நிற்பார்கள்.

ஆனால் அந்த மலையில் பேசுவதற்கு என்ன இருக்கிறது தெரியுமா? நாடு 1947-ல் சுதந்திரம் அடைந்தது. கல்வராயன் மலையில் மூன்று ஜாகிர்தார்களின் ஆதிக்கம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. மலைக் கிராமங்களை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது 1976-ல்தான். ஜாகிருக்கு வரி கட்டியவர்கள், கூலி இல்லாமல் உழைத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 1976-ல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபது. முப்பதாக இருந்தவருக்கு எண்பது. இன்னும் பத்து வருஷம் கழித்து, அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள்?

அதனால்தான் 'நாலு நாவல் எடுத்துக்கோ' என்ற அறிவுரை என்னை உறுத்துகிறது. நாவல் எங்கேயும் போகாது. லைப்ரரியில் சமர்த்தாக இருக்கும். பாட்டி இருக்க மாட்டாள். தப்பான கைடு என்றால் மாணவருக்கு ஆறு வருஷம் நஷ்டம் என்று நினைக்கிறோம். சில தலைப்புகளில் ஒரு தலைமுறையின் சாட்சியமே நஷ்டம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். அட்ரஸ் இல்லாத லட்சியத்தை வைத்துக்கொண்டு ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட முடியாது.

ஒன்று. யு.ஜி.சி.யின் 2022-ம் வருஷத்து விதிகளை ஒரு தடவை படித்துவிடுங்கள். பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நாலு பேருக்கும்தான் கைடாக இருக்கலாம். ரிட்டயர் ஆக மூன்று வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர் புது மாணவரை எடுக்க முடியாது. குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு, அதற்கு மேல் நீட்டிப்புக்கும் வழி இருக்கிறது. பெண்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு, பிரசவ விடுப்பும் உண்டு. இணை நெறியாளர் வைத்துக்கொள்ளலாம். அதாவது, உங்கள் தமிழ்த்துறை நெறியாளரோடு ஒரு வரலாற்றுக்காரரோ மானிடவியல்காரரோ சேரலாம். 'அப்படியெல்லாம் வழக்கமில்லைமா' என்று சொன்னால், வழக்கம் வேறு, விதி வேறு.

இரண்டு. 'சோத்கங்கா' என்ற பெயரில் நாட்டின் ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது. நீங்கள் டிக் போட்ட பேராசிரியரின் மாணவர்கள் எழுதிய நாலு ஆய்வேடுகளை எடுத்துப் படியுங்கள். நாலும் ஒரே அச்சில் வார்த்த கொழுக்கட்டையாக இருந்தால் ஐந்தாவது கொழுக்கட்டை நீங்கள்தான். நாலும் நாலு மாதிரி இருந்தால், அங்கே மாணவருக்கு மூச்சு விட இடம் இருக்கிறது.

மூன்று. நன்றியுரையை விடாதீர்கள். ஆய்வேட்டிலேயே உண்மை அதிகம் கசியும் பக்கம் அதுதான். 'என் வாழ்வின் ஒளிவிளக்கு, கலங்கரை விளக்கம்' என்று வெறும் விளக்காகவே இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 'மூன்றாம் அத்தியாயத்தை இரண்டு தடவை திருப்பி எழுதச் சொன்னார்' என்ற மாதிரி ஒரு வரி இருந்தால், அந்தக் கதவைத் தட்டுங்கள்.

நான்கு. படித்து முடித்தவர்களிடம் கேட்காதீர்கள். முடித்ததும் எல்லாம் மறந்து இனிப்பாகிவிடும், பிரசவ வலி மாதிரி. நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களிடம் கேளுங்கள். பாதியில் விட்டுவிட்டுப் போனவர் யாராவது இருந்தால், தேடிப் போய்க் கேளுங்கள்.

நெறியாளர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். வகுப்பு, விடைத்தாள், ஆடிட், அசைன்மென்ட் என்று அவர்களும் நசுங்கிக் கிடக்கிறார்கள். நடுவில், பட்டம் மட்டும் போதும் என்று வந்து நிற்கிற மாணவர்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கே அந்தக் குறை இருந்தது. கொஞ்ச நாள் படித்துவிட்டுப் பாதியில் போய்விடுகிறவர்களைப் பற்றி, சாமிநாதையரைச் சேர்த்துக்கொள்கிற அன்றைக்கே அவர் சலித்துக்கொண்டார் என்று அதே புத்தகத்தில் இருக்கிறது. தேர்வு ஒருவழிப்பாதை இல்லை. நீங்கள் கைடைப் பார்க்கிறபோது அவரும் உங்களைப் பார்க்கிறார்.

அன்றைக்கு பஸ் கிளம்பும்போது அந்தப் பெண் ஜன்னல் வழியாக இன்னொரு கேள்வி கேட்டார்.

"சார், நீங்க சொல்ற மாதிரி கைடு கிடைக்கலன்னா?"

டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"கைடு மெதுவா கிடைக்கட்டும்மா. உன் செல்போன்ல ரெக்கார்டர் இருக்கில்ல? இன்னிக்கு ராத்திரியே பாட்டிகிட்ட உட்காரு."

பஸ் கச்சிராயபாளையம் ரோட்டில் திரும்பிப் போய்விட்டது. அந்தப் பெண் உட்கார்ந்தாரா என்பது தெரியாது. உட்கார்ந்திருந்தால், ஆராய்ச்சி ஆரம்பமாகிவிட்டது. பதிவு எண் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.